அரச வரைபடத்தைக் கேட்டுப் பெறுவதும் வாசிப்பதும்

மாங்கேணி போன்ற ஊரில் வரைபடத்தைத் தேடிப் போவது அநேகமாகக் காலம் பிந்தித்தான். இறால் பண்ணைக்கென்று வேலி விழுந்திருக்கும். அல்லது சேனை செய்த காணியில் எல்லைக்கல் முளைத்திருக்கும். வாகரைப் பகுதியில் அண்மைய ஆண்டுகளில் இல்மனைட் அகழ்வுக்கும் இறால் பண்ணைக்கும் எதிராகச் சனங்கள் வீதிக்கு வந்ததும் இப்படித்தான்: தீர்மானம் பாதிவழி போன பிறகு. அந்த நேரத்தில் கூட்டத்தில் விரிக்கப்படும் தாளில் கோடுகள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். பேச்சு முழுவதும் “கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா” என்றே சுற்றும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: அந்தக் கோடு எதை வைத்துப் போடப்பட்டது? திணைக்களம் வெளியிடும் வரைபடம் நிலத்தின் புகைப்படம் அல்ல. ஒரு சட்டத்தின் கீழ், ஒரு நாளில் கிடைத்த தரவைக் கொண்டு, ஓர் அளவு துல்லியத்தோடு எடுக்கப்பட்ட நிர்வாகத் தீர்மானம் அது. தீர்மானம் என்றால் அதற்குக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். கடிதத்தில் காரணம் கேட்கப் பழகியிருக்கிறோம். கோட்டுக்குக் காரணம் கேட்கப் பழகவில்லை. அந்தப் பழக்கம் ஏன் வேண்டும், எப்படிக் கேட்பது என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் யாரிடம் கேட்பது என்ற குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மாங்கேணி மட்டக்களப்பு மாவட்டத்தின் கோறளைப்பற்று வடக்கு (வாகரை) பிரதேச செயலகப் பிரிவில், காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையில், மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் இருக்கிறது. கிழக்கே கடல், அருகே களப்பு, மேற்கே சேனையும் பற்றைக்காடும். இந்த ஒடுங்கிய நிலத்தின் மீது அரை டசின் திணைக்களங்களின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கரையோர வலயம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கரையோரம் பேணல் திணைக்களத்துக்குரியது. ஒதுக்கக்காடு 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் வன இலாகாவின் பொறுப்பு. காயான்கேணிப் பவளப்பாறைகளை உள்ளடக்கி 2019இல் பிரகடனமான கடல்சார் சரணாலயம் வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையது. கனியமண் அகழ்வு உரிமங்களின் எல்லைகள் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தில் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் அடிப்படை வரைபடம் நில அளவைத் திணைக்களத்தினுடையது. மத்திய சுற்றாடல் அதிகார சபை ஒரு திட்டத்தை ஆராயும்போது இந்தப் படைகளை (வரைபட அடுக்குகளை) ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறது. அடுக்குகிறவர் எல்லாப் படையையும் ஆக்கியவர் அல்லர். ஆகவே அச்சிட்ட அலுவலகத்தைக் கேட்பதோடு நிற்காமல், குறித்த கோட்டுக்கு உரிய அலுவலகம் எது என்று கேட்டு அங்கே போக வேண்டும். இதைச் செய்யாததால்தான் பலர் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்கு அலைகிறார்கள்.

இனி ஒரு கோட்டை எடுத்து உரசிப் பார்ப்போம். கரையோர வலயம் என்பது சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர், சராசரித் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர் என்று சட்டம் வரையறுக்கிறது. கடலோடு நிரந்தரமாகவோ காலத்துக்குக் காலமோ இணையும் ஆறு, களப்பு முதலிய நீர்நிலைகளில், வாய்ப்பகுதியின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை வலயம் நீளும். 2011ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதோடு இன்னொன்றையும் சேர்த்தது: அந்த நீர்நிலையின் ஓரம் நெடுக, சராசரிக் கடல்மட்டத்தின் சுழியக் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி மேலும் 100 மீற்றர். களப்போரம் காணி வைத்திருப்பவருக்கும், அங்கே பண்ணை அமைக்க வருபவருக்கும் இந்த 100 மீற்றர்தான் உயிர்நாடி.

சட்டம் சொல்வது சுழியக் கடல்மட்டக் கோட்டை. வரைபடத்தில் தெரிவது நீலக் கோடு. இரண்டும் ஒன்றல்ல. நீலக் கோடு என்பது வானிலிருந்து படம் எடுத்த நாளில் தண்ணீர் நின்ற விளிம்பு. களப்பின் தண்ணீர் வைகாசியில் நிற்கும் இடம் ஒன்று, மார்கழியில் நிற்கும் இடம் வேறு. முகத்துவாரம் மணலால் அடைத்துக் கிடக்கும்போது ஒரு மட்டம், வெட்டிவிட்ட பின் இன்னொரு மட்டம். தரை செங்குத்தாக இருந்தால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. களப்போரமோ தட்டைத் தரை. 200 மீற்றருக்கு ஒரு மீற்றர் மட்டுமே உயரும் ஒரு கரையில், தண்ணீர் மட்டம் 30 சென்ரிமீற்றர் மாறினால் விளிம்பு 60 மீற்றர் நகரும். நூறு மீற்றர் எல்லையில் அறுபது மீற்றர் ஊசலாட்டம்! கணினியில் நீலக் கோட்டைத் தெரிந்து 100 மீற்றர் தள்ளி இன்னொரு கோடு போட ஒரு நிமிடம் போதும். பார்க்க அழகாகவும் இருக்கும். அது வழிகாட்டும் கோடாகலாம், சட்டம் சொல்லும் கோடாகாது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய உயரத் தரவுகளும் இதற்கு உதவா. அவற்றின் உயரப் பிழையே பல மீற்றர் வரும். நமக்கு வேண்டியதோ சென்ரிமீற்றர்க் கணக்கு. மட்டக்கருவி வைத்து, கடல்மட்டம் தெரிந்த அடையாளக் கல்லிலிருந்து அளந்து வந்தால் மட்டுமே அந்தச் சுழியக் கோடு எங்கே என்று சொல்ல முடியும். எனவே களப்போரத் தகராறில் முதற்கேள்வி: இந்த 100 மீற்றர் எந்த விளிம்பிலிருந்து அளக்கப்பட்டது, அந்த விளிம்பு மட்டமெடுத்துக் கண்டதா, படத்தைப் பார்த்துக் கீறியதா? இந்தக் கேள்வி ஊரவருக்கு எப்போதும் சாதகமாகவே முடியும் என்று எண்ண வேண்டாம். சரியாக அளந்தால் பண்ணைக்காரரின் தொட்டி வலயத்துக்குள் விழலாம்; மீனவரின் வாடியும் விழலாம்.

இரண்டாவது பிழை இன்னும் சத்தமில்லாதது. தீவின் பழைய முக்கோண அளவைக்கு நிலத்தில் இரண்டு அடிக்கோடுகள் அளக்கப்பட்டன. ஒன்று நீர்கொழும்புப் பக்கம், மற்றது மட்டக்களப்பில். அந்த வலையமைப்பின் மேல் கட்டப்பட்ட கந்தவளை முறையில்தான் பழைய ஒரு அங்குல வரைபடங்களும் ஏராளமான காணிப் பிளான்களும் நிற்கின்றன. 1999இல் செய்மதி அளவீட்டைக் கொண்டு புதிய வலையமைப்பு வந்தது. இரண்டு முறைகளும் பிதுருதலாகலை மலையையே நடுவாகக் கொண்டவை. பழையதில் அந்த நடுப்புள்ளிக்கு 200,000 மீற்றர் என்றும், புதியதில் 500,000 மீற்றர் என்றும் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. மாங்கேணிப் பக்கத்து இடமொன்றின் ஆள்கூறு கையில் கிடைத்தால் பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம்: கிழக்கு எண் 2இலும் வடக்கு எண் 3இலும் தொடங்கினால் பழைய முறை, 5இலும் 6இலும் தொடங்கினால் புதிய முறை. இவற்றை மாற்றிப் போட்டுவிட்டால் காணி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிப்போய் விழும். பிழை உடனே பிடிபடும். ஆபத்தானது மற்றது. பழைய முறையில் எழுதிய அகலாங்கு நெட்டாங்கை அப்படியே தொலைபேசியில் போட்டால், இடம் ஏறத்தாழ 200 மீற்றர் நகர்ந்து காட்டும். காட்டுகிற இடமும் அதே ஊர், அதே களப்போரம். யாருக்கும் சந்தேகம் வராது. எல்லையே 100 மீற்றராக இருக்கும் இடத்தில் 200 மீற்றர் நகர்வு என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. வர்த்தமானி அட்டவணையிலோ உரிமத்திலோ ஆள்கூறு கண்டால், அது எந்த முறையில் எழுதப்பட்டது என்று அதிலேயே இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

அளவுத்திட்டம் பற்றி நீட்டத் தேவையில்லை. 1:50,000 தாளில் 100 மீற்றர் என்பது 2 மில்லிமீற்றர்; அதில் அரை மில்லிமீற்றர்ப் பேனைக் கோடு மட்டுமே நிலத்தில் 25 மீற்றரை மூடிவிடும். 1:10,000 தாளில் அதே 100 மீற்றர் ஒரு சென்ரிமீற்றர். கணினித் திரையில் எவ்வளவு பெருப்பித்தாலும் மூலத் தாளின் துல்லியம் கூடாது. பெருப்பித்துக் காட்டப்படும் கோட்டைக் கண்டு மிரள வேண்டாம்.

மூன்றாவது விடயம், காலம். இதில் வடக்கு கிழக்கின் காடு பற்றிய நீண்ட மனக்கசப்பு அடங்கியிருக்கிறது. செய்மதிக்கு மரம் தெரியும். மரம் ஏன் வளர்ந்தது என்பது தெரியாது. போர் காரணமாகச் சனங்கள் எழும்பிப் போன காணிகளில் பத்து, பதினைந்து வருடங்களில் பற்றை மூடி, பிறகு மரமாகியது. வாகரைச் சனங்கள் 2004 டிசம்பர் 26இன் கடலலையையும், 2006–2007இன் இடப்பெயர்வையும் அடுத்தடுத்துக் கண்டவர்கள். பலரிடம் ஒப்பம், அனுமதிப்பத்திரம் எதுவும் மிஞ்சவில்லை. இந்த நிலையில் போருக்குப் பிந்திய படத்தைப் பார்த்துப் பச்சையாகத் தெரிவதையெல்லாம் காடு என்று படையில் ஏற்றினால், படம் பொய் சொல்லவில்லை; ஆனால் தீர்மானம் பிழை. ஒதுக்கமாகப் பிரகடனமாகாத எஞ்சிய காடுகளை வன இலாகாவிடம் ஒப்படைத்த 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை மீது நாடு முழுவதும் முறைப்பாடு இருந்தது. 2020இல் அது மாற்றப்பட்டபோது சுற்றாடல் அமைப்புகள் எதிர்த்தன. விடயம் நீதிமன்றம் வரை போனது. இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. பயிர் செய்த காணியைக் காடு என்பதும் தவறு. ஒருநாளும் கத்தி படாத காட்டைப் பழைய சேனை என்று சொல்லிப் பிரித்துக் கொடுப்பதும் தவறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தரவு இருக்கிறது. 1980களிலிருந்து 30 மீற்றர்த் துல்லியத்தில் லான்ட்சாட் படங்கள் உள்ளன. 2008 முதல் அவை இலவசம். 2015க்குப் பின் சென்டினல்-2 படங்கள் 10 மீற்றர்த் துல்லியத்தில், சில நாட்களுக்கு ஒருமுறை கிடைக்கின்றன. ஒரு காணி 1988இல் வெளியாகத் தெரிந்து, 2005இல் பற்றையாகி, 2015இல் மரமாகத் தெரிந்தால் அது ஒரு சரித்திரம். எல்லா வருடத்திலும் அடர்பச்சையாக இருந்தால் அது வேறு சரித்திரம். ஒரு திகதிப் படத்தைக் கொண்டு எல்லை போட்ட திணைக்களத்திடம் பல திகதிப் படங்களை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது மிகையான கோரிக்கை அல்ல. ஒரு எச்சரிக்கை: சேனை சுழற்சிப் பயிர். ஓரிரு வருடம் செய்து பல வருடம் ஆறவிடும் காணி, இடையில் எடுத்த படத்தில் காடாகவே தெரியும். ஆகவே பல வருடங்களின் படங்களை, கோடை, மாரி இரண்டுக்கும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

கோடுகள் இருக்கும் இடத்தைப் பற்றி இவ்வளவு சொன்னோம். கோடே இல்லாத இடம்தான் பல வேளைகளில் பெரிய இழப்பு. மீனவர் தோணி இழுக்கும் துறை, வலை காயப்போடும் மணல், இறால் குஞ்சு வளரும் கண்டல் ஓரம், குஞ்சன்குளம் பக்கத்து வேடர் பரம்பரையினர் தேன் எடுக்கப் போகும் காட்டுப்பாதை: இவற்றில் எதுவும் எந்தத் திணைக்களத்தின் படையிலும் இல்லையென்றால், திட்ட அறிக்கையில் அந்த நிலம் “பயன்படுத்தப்படாத அரச காணி” ஆகிவிடும். வரைபடத்தில் ஒரு நீர்நிலையே காணாமல் போன கதை தமிழ்நாட்டில் உண்டு. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகம் 1996இல் இந்திய மத்திய அரசு ஒப்புக்கொண்ட கரையோர வரைபடத்தில் பாதுகாப்புக்குரிய நீர்ப்பரப்பாக இருந்தது. பிறகு புழங்கிய வரைபடத்தில் அதன் பெரும்பகுதி இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடங்களைக் கேட்டு வாங்கி ஒன்றோடொன்று ஒப்பிட்டதால்தான் 2017இல் அது அம்பலமானது. எந்த வரைபடம் ஒப்புதல் பெற்றது என்ற ஒரே கேள்வி அங்கே எத்தனையோ ஊர்வலங்கள் செய்யாததைச் செய்தது. மட்டக்களப்பு மாவட்டத்திலேயே வேறு விதமான முன்னுதாரணம் இருக்கிறது: ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து எடுத்த முயற்சியில், மண்முனை வடக்குப் பிரிவின் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் என்ற திறந்த வரைபடத்தில் ஏற்றப்பட்டன. வெள்ள ஆபத்தை மதிப்பிடுவதற்காகச் செய்த வேலை அது. அரச அலுவலரும் இளைஞரும் ஒரே வரைபடத்தில் வேலை செய்யலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி ஆட்சேபனைகள். முதலாவது கனமானது: எல்லாவற்றையும் திறந்து வைத்தால் கள்ளனுக்கே வழி காட்டியதாகாதா? பவளப்பாறையின் துல்லியமான இடம், ஆமை முட்டையிடும் மணல், பெறுமதியான மரம் நிற்கும் காடு இவற்றை ஆள்கூற்றோடு வெளியிடுவது சரியா? சரியல்ல. ஆனால் எல்லைக்கோடு வேறு, அதற்குள் இருக்கும் உயிரினத்தின் இருப்பிடம் வேறு. சரணாலயத்தின் எல்லையை வர்த்தமானியே வெளியிடுகிறது. அதை மறைத்தால் வலை போடுகிறவருக்குத் தாம் குற்றம் செய்கிறோமா என்றே தெரியாது. முட்டையிடும் இடத்தைத் திணைக்களம் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். இரகசியம் என்ற சொல்லை முழுக் கோப்பின் மீதும் விரிப்பதையே மறுக்கிறோம்.

இரண்டாவது ஆட்சேபனை நில அளவையாளரிடமிருந்து வரும்: தொலைபேசியில் எடுத்த புள்ளிக்கும் ஊர்ச் சங்கம் கீறிய படத்துக்கும் சட்டப் பெறுமதி இல்லை. உண்மை. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துவது காரணத்தோடுதான். வெளியான இடத்தில் கூடத் தொலைபேசி ஐந்து, பத்து மீற்றர் பிழைக்கும், மரத்தடியில் இன்னும் கூடும். ஊரவரின் படம் நீதிமன்றத்துக்கு எல்லைச் சான்றாக அல்ல, அளவையாளர் எங்கே வந்து அளக்க வேண்டும் என்று காட்டும் முறைப்பாடாகவே பயன்படும். நூறு மீற்றர்ப் பிழையைச் சுட்டிக்காட்டப் பத்து மீற்றர்ப் பிழையுள்ள கருவி போதும்.

மூன்றாவது ஆட்சேபனையை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கலாம்: ஆளணி இல்லை, ஒவ்வொருவருக்கும் விளக்கம் எழுதினால் வேலை நடக்காது. ஆளணி குறைவு என்பது பொய்யல்ல. அப்படியானால் விளக்கத்தை வரைபடத்திலேயே அச்சிட்டுவிடுவதுதான் சிக்கனம். மூலம், திகதி, ஆள்கூற்று முறை, அளவுத்திட்டம், எந்தச் சட்டப் பிரிவு, கோடு அளந்ததா கணித்ததா: தாளின் மூலையில் ஆறு வரி. அந்த ஆறு வரி இல்லாத வரைபடம்தான் பிறகு அறுபது கடிதங்களைக் கொண்டுவருகிறது. இன்னொரு அச்சமும் உண்டு, வெளியே சொல்லப்படாதது. கோறளைப்பற்றில் பிரதேச செயலக எல்லைகளே இனங்களுக்கிடையே பிணக்குக்குரியவை. ஊர்ப்படம் கீறத் தொடங்கினால் பழைய புண் கிளறப்படும் என்பது. கிளறப்படலாம். அதனால்தான் ஊர்ப்படத்தில் உரிமையை எழுதாமல் பயன்பாட்டை எழுத வேண்டும்: இது யாருடையது என்றல்ல, இங்கே என்ன நடக்கிறது, எந்த மாதத்தில், எத்தனை தோணி என்று. ஒரே துறையை இரண்டு ஊர்கள் பயன்படுத்தினால் இரண்டு ஊர்களையும் எழுதலாம். எல்லை கீற வேண்டியதில்லை.

கேட்பதற்குச் சட்டம் கையில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் உண்டு. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். “எங்கள் ஊரின் வரைபடங்கள் அனைத்தும்” என்று கேட்டால் ஒன்றும் வராது. கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயர், இடத்தின் அடையாளம், எந்தத் திட்டம் அல்லது எந்த வர்த்தமானி என்று குறித்து, அந்த எல்லை வரையப் பயன்பட்ட மூலப் படத்தின் திகதியையும் கள அளவைக் குறிப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

பண்ணைத் திட்டம் என்றால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22ஆம் இலக்க வர்த்தமானியின்படி முழுமையாகவோ பகுதியாகவோ கரையோர வலயத்துக்கு வெளியே அமையும், 4 ஹெக்டயருக்கு மேற்பட்ட நீருயிரின வளர்ப்புத் திட்டம் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதி பெற வேண்டிய விதித்துரைக்கப்பட்ட கருத்திட்டமாகும். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்பட்டால் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 வேலை நாட்கள் வைக்கப்படும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று பெயர்களில் மூன்று ஹெக்டயர் வீதம் விண்ணப்பித்தால் தனித்தனிக் கோப்பில் எதுவும் எல்லையைத் தாண்டாது. மூன்றையும் ஒரே தாளில் அடுக்கினால் ஒன்பது ஹெக்டயர். இதைக் காட்டக்கூடியது வரைபடம் மட்டுமே. எனவே ஒரு விண்ணப்பத்தைக் கேட்கும்போது அதைச் சுற்றியுள்ள காணித்துண்டுகளில் நிலுவையிலுள்ள விண்ணப்பங்களையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக, அச்சுத் தாளோடு நின்றுவிடாதீர்கள். கணினிக் கோப்பாகவும் கேளுங்கள். சட்டத்தில் தகவல் என்பது இலத்திரனியல் வடிவில் இருப்பதையும் உள்ளடக்கும். கோப்பைத் திறக்கக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். சாதாரண மடிக்கணினியில் ஓடும். சங்கத்தில் ஒருவருக்கும் பழக்கமில்லையென்றால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் புவியியல் மாணவர் ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது படத்தை அல்ல, கோப்பின் இயல்புகளை. ஆள்கூற்று முறை அங்கே எழுதியிருக்கும், அல்லது வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருந்தால் அடுத்த கடிதத்தின் முதல் வரி அதுதான்.